மூலம்: உள்ளே என்ன நடக்கிறது, வீட்டில் என்ன செய்யலாம்

மலம் கழித்துவிட்டு எழும்போது சிவப்பாக ரத்தத்தைப் பார்த்தால் அடிவயிறு கலங்கிப்போகும். யாரிடமாவது கேட்கலாம் என்றால் வெட்கம் வாயைக் கட்டிவிடும். அதனால் ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு போனை எடுத்துத் தேடுகிறோம். ஒருவர் இதைத் தடவு என்கிறார், இன்னொருவர் அதைக் குடி என்கிறார், வேறொருவர் ஏழே நாளில் வேரோடு போய்விடும் என்று அடித்துச் சொல்கிறார். மூலம் வந்தால் உடம்பில் என்னதான் ஆகிறது என்பதை மட்டும் யாரும் பொறுமையாகச் சொல்வதில்லை.

அது தெரியாமல் செய்கிற வைத்தியம் இருட்டில் கல் எறிவது மாதிரி. என் அண்ணன் அப்படித்தான் எட்டு மாதம் எறிந்தார். ஒரு களிம்பு தீர்ந்தால் அடுத்தது, அதுவும் தீர்ந்தால் நண்பர் சொன்ன இன்னொன்று. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கடைசியில் மருத்துவரிடம் போனபோது, அவருக்கு இருந்தது மூலமே இல்லை என்று தெரிந்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். அவர் பட்ட அந்த எட்டு மாத வேதனைதான் என்னை இதை எழுத வைத்தது.

எல்லோருக்கும் இருக்கிற மெத்தைகள்

முதலில் ஒரு விஷயம். மூலத்தைப் பலரும் எங்கிருந்தோ வந்து முளைத்த கட்டி என்று நினைக்கிறார்கள். "வேரோடு பிடுங்கலாம்" என்கிற பேச்சே அப்படி வந்ததுதான். உண்மையில் மூலமாக மாறுகிற அந்தத் திசு பிறந்ததிலிருந்தே நம் எல்லோருக்கும் இருக்கிறது.

தண்ணீர்க் குழாயைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ரப்பர் வாஷர் ஒன்று இருக்கும். குழாயை எவ்வளவு இறுக்கமாகத் திருகினாலும் அந்த வாஷர் இல்லாவிட்டால் சொட்டுச் சொட்டாக ஒழுகும். இரும்பும் இரும்பும் முழுக்கப் பொருந்தாது, நடுவில் மெதுவான ஒன்று இருந்தால்தான் இடைவெளி அடைபடும். ஆசனவாயிலும் அதே ஏற்பாடுதான். சுற்றிலும் வளையம் போல ஒரு தசை இருக்கிறது, அதற்குச் சுருக்குத்தசை என்று பெயர். அந்தத் தசை எவ்வளவு இறுகினாலும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருக்கும். அதை அடைக்கத்தான் உட்புறச் சுவரில், பெரும்பாலும் மூன்று இடங்களில், ரத்தக்குழாய்களும் மெல்லிய தசையிழைகளும் நிறைந்த பஞ்சு போன்ற மேடுகள் இருக்கின்றன. இவற்றைக் குத மெத்தைகள் என்று சொல்லலாம். நாம் சும்மா இருக்கும்போது ஆசனவாயை மூடி வைத்திருக்கும் அழுத்தத்தில் ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம் இந்த மெத்தைகளால் வருகிறது. இருமும்போதும் தும்மும்போதும் இவை ரத்தத்தால் நிறைந்து உப்பிக்கொள்ளும், அதனால்தான் அந்த நேரத்தில் எதுவும் கசிவதில்லை.

இவ்வளவு நல்ல வேலை செய்கிற உறுப்பு தொல்லையாக மாறும்போதுதான் நாம் அதை மூலம் என்கிறோம். அது ஒழுங்காக உழைத்த காலத்தில் அதற்கு ஒரு பெயர்கூட நம்மிடம் இல்லை.

மெத்தை ஏன் கீழே இறங்குகிறது

பழைய காலுறையை நினைத்துக்கொள்ளுங்கள். எலாஸ்டிக் நன்றாக இருக்கிறவரை அது காலோடு ஒட்டி நிற்கும். எலாஸ்டிக் தளர்ந்துவிட்டால், நடக்க நடக்க கணுக்காலுக்கு இறங்கி மடிப்பு மடிப்பாகச் சுருண்டுகொள்ளும். குத மெத்தைகளையும் சுவரோடு பிடித்து வைத்திருக்கும் நார்கள் உண்டு. மெத்தைகள் கீழே தள்ளப்பட்டுக்கொண்டே இருந்தால் அந்தப் பிடிமானம் ஆண்டுக்கணக்கில் நைந்துபோகிறது. பிறகு மெத்தை சறுக்கி இறங்குகிறது. இறங்கிய இடத்தில் ரத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்குகிறது, தேங்கியதும் வீங்குகிறது, வீங்கியது மலம் உரசும் பாதையில் வந்து நிற்கிறது.

மூலம் என்பது காலில் நாளங்கள் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள்) புடைத்துக்கொள்வது போன்ற வெறும் நாளப் புடைப்பு என்றுதான் மருத்துவர்களும் நீண்ட காலம் எண்ணியிருந்தார்கள். 1975ல் தாம்சன் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் இந்த மெத்தைகளைப் பற்றியும் அவை சறுக்குவதைப் பற்றியும் விளக்கிய பிறகுதான் பார்வை மாறியது.

மெத்தைகளைக் கீழே தள்ளுவதில் முதல் இடம் முக்குவதற்கு. மூச்சைப் பிடித்து வயிற்றை இறுக்கி முக்கும்போது உள்ளழுத்தம் முழுவதும் அந்தச் சின்ன இடத்தில் இறங்குகிறது. மலச்சிக்கல் இருப்பவர்கள் இதைத் தினமும் செய்கிறார்கள். ஒரு நாளில் பல தடவை வயிற்றுப்போக்கு போகிறவர்களுக்கும் திரும்பத் திரும்பப் போவதால் இதே தொல்லை வரலாம், இது பலருக்குத் தெரியாது. கர்ப்ப காலத்தில், அதிலும் கடைசி மூன்று மாதங்களில், வளர்கிற கருப்பை அடிவயிற்று நாளங்களை அழுத்துகிறது, ஹார்மோன்கள் நார்களைத் தளர்த்துகின்றன, கூடவே மலச்சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. வயது ஏற ஏற நார்கள் தாமாகவும் தளரும்.

காரம் தின்றால் மூலம் வரும் என்பார்கள். காரம் மெத்தையின் பிடிமானத்தை அறுப்பதில்லை. ஏற்கெனவே புண்ணாக இருக்கும் இடத்தில் போகும்போது எரியும், அவ்வளவுதான். எரிகிறது என்றால் கொஞ்ச நாள் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் காரத்தை மட்டும் விட்டுவிட்டு முக்குவதைத் தொடர்ந்தால் ஒன்றும் மாறாது.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியது இதுதான்: மூலம் என்பது எல்லோருக்கும் இருக்கும் மெத்தை பிடி தளர்ந்து, இறங்கி, வீங்கிய நிலை. தள்ளுவது அழுத்தம். அப்படியென்றால் வீட்டு வைத்தியத்தின் முதல் வேலை அந்த அழுத்தத்தைக் குறைப்பது. தடவுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

உள்மூலம், வெளிமூலம்

ஆசனவாயின் விளிம்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் அளவு உள்ளே, கண்ணுக்குத் தெரியாத ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. கோட்டுக்கு மேலே இருக்கும் சவ்வு குடலின் சொந்தக்காரன், அதற்கு வெட்டினாலும் குத்தினாலும் நம் தோல் உணர்வது போன்ற வலி தெரியாது. கோட்டுக்குக் கீழே இருப்பது தோல், அங்கே நரம்புகள் மிக நெருக்கமாக இருக்கின்றன. இந்த ஒரே கோட்டை வைத்து மூலத்தின் பாதிப் புதிர்களை அவிழ்த்துவிடலாம்.

கோட்டுக்கு மேலே வருவது உள்மூலம். வலி பெரும்பாலும் இருக்காது, ரத்தம்தான் வரும். மலத்தோடு கலக்காமல், மேலே படிந்தோ கடைசியில் சொட்டியோ, பளிச்சென்ற சிவப்பில் வரும். நாளங்களில் ஓடும் ரத்தம் கருஞ்சிவப்பாகத்தானே இருக்க வேண்டும் என்று கேட்கலாம். குத மெத்தைக்குள் இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் சிறு தமனிகள் நேராக வந்து சேர்கின்றன, அதனால்தான் அந்தப் பளிச்சென்ற நிறம். உள்மூலத்தை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் வெளியே தெரியாது. இரண்டாவதில் முக்கும்போது வெளியே வந்து தானாக உள்ளே போய்விடும். மூன்றாவதில் விரலால் தள்ளினால்தான் போகும். நான்காவதில் தள்ளினாலும் போகாது. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக்கூடியது பெரும்பாலும் முதல் இரண்டு நிலைகள்தான்.

கோட்டுக்குக் கீழே வருவது வெளிமூலம். தடவினால் கையில் தட்டுப்படும், அரிக்கும், உட்காரும்போது உறுத்தும். சில சமயம் அதற்குள் ரத்தம் உறைந்துவிடும். அப்போது நேற்றுவரை எதுவும் இல்லாத இடத்தில் இன்று காலை திராட்சை போல நீலம் பாய்ந்த கெட்டியான உருண்டை ஒன்று நிற்கும், உட்காரவே முடியாது. இந்த வலி முதல் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கும், உருண்டை கரைய இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். வலி தாங்க முடியவில்லை என்றால் முதல் மூன்று நாட்களுக்குள் மருத்துவரிடம் போய்விடுங்கள். சிறிய அறுவை செய்து அதை எடுப்பதால் நிம்மதி கிடைப்பது அந்த நேரத்தில்தான், வலி இறங்கத் தொடங்கிய பிறகு எடுப்பதில் பெரிய லாபம் இல்லை. கரைந்த இடத்தில் சுருங்கிய தோல் துணுக்கு ஒன்று மிஞ்சலாம். பார்த்துப் பயப்படாதீர்கள், அது நோய் இல்லை.

முதலில், இது மூலம்தானா?

எனக்கு மிகவும் கவலை தருகிற பகுதி இது. அந்த இடத்தில் என்ன வந்தாலும் "மூலம்" என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

என் அண்ணனுக்கு இருந்தது ஆசனவாய் வெடிப்பு. உதடு காய்ந்து வெடிப்பது போல, கெட்டி மலம் போகும்போது ஆசனவாய்த் தோல் கிழிந்திருந்தது. மலம் போகும் நேரத்தில் கண்ணாடித் துண்டால் அறுப்பது மாதிரி இருக்கும் என்பார், போன பிறகும் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் எரிந்துகொண்டே இருக்கும். அந்த வலிக்குப் பயந்து அடக்குவார். அடக்கினால் மலம் இன்னும் கெட்டியாகும், மறுநாள் இன்னும் கிழியும். அறுப்பது போன்ற வலி மலம் கழிக்கும்போதெல்லாம் வந்தால் அது பெரும்பாலும் வெடிப்பு. அதற்கு மருத்துவர் எழுதிக்கொடுக்கும் களிம்பு வேறு. மூலத்துக்கு என்று கடையில் கேட்டு வாங்குவது அங்கே சரியான மருந்து ஆகாது.

துடிக்கிற வலியும் வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அது சீழ்க்கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும். பக்கத்தில் சிறு துளை விழுந்து சீழோ நீரோ கசிந்துகொண்டே இருந்தால் அது பவுத்திரமாக இருக்கலாம். இரண்டுமே வீட்டில் ஆறுகிறவை இல்லை.

பெருங்குடல் புற்றுநோயும் ரத்தக்கசிவாகத் தொடங்கலாம். மூலம் புற்றுநோயாக மாறுவதில்லை, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் ஒருவருக்கு மூலமும் இருந்து, மேலே குடலில் வேறொன்றும் இருக்கலாம், ரத்தத்தைப் பார்த்ததும் மூலம் என்று ஒதுக்கிவிட்டால் அந்த வேறொன்று மறைந்தே இருந்துவிடும். ரத்தம் கருஞ்சிவப்பாகவோ மலத்தோடு கலந்தோ வந்தாலும், மலம் தார் போலக் கறுத்துப் பிசுபிசுப்பாகப் போனாலும், வாரக்கணக்கில் மலம் போகும் பழக்கம் மாறியிருந்தாலும், காரணமில்லாமல் எடை குறைந்தாலும், சோர்வும் வெளிறலும் இருந்தாலும், வீட்டு வைத்தியத்தைத் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுக்கும், பீட்ரூட் சாப்பிட்டால் சிவக்கும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். வயது 45ஐத் தாண்டியவர்களும் குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தவர்களும், முதல் முறை ரத்தம் பார்த்தாலே ஒரு முறை காட்டிவிடுவது நல்லது. குழந்தைகளுக்கு மூலம் வருவது மிக அரிது, அவர்களுக்கு ரத்தம் வந்தால் நாமாக ஒரு பெயர் வைக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

ரத்தம் நிற்காமல் கொட்டினாலோ, கட்டி கட்டியாக வந்தாலோ, தலைசுற்றல், மயக்கம் இருந்தாலோ அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும், விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

மலம் இளகினால் பாதிச் சுமை இறங்கும்

சரி, இது மூலம்தான், முதல் இரண்டு நிலைக்குள்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் செய்யக்கூடியதில் எது அதிகப் பலன் தரும் என்று கேட்டால் நான் நார்ச்சத்தைத்தான் சொல்வேன். பலரும் எதிர்பார்ப்பது ஏதாவது ஒரு எண்ணெய், ஒரு இலை. ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், நார்ச்சத்தைக் கூட்டிக்கொண்டவர்களுக்கு ரத்தக்கசிவு தொடரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது.

அது எப்படி வேலை செய்கிறது? பெருங்குடலின் முக்கிய வேலைகளில் ஒன்று தண்ணீரை உறிஞ்சுவது. மலம் உள்ளே எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவுக்குக் காயும். மூடி போடாமல் விட்ட பற்பசையின் முனையில் காய்ந்த கட்டி அடைத்துக்கொள்ளுமே, அப்போது குழலை எவ்வளவு அழுத்த வேண்டியிருக்கிறது! நார்ச்சத்து நம் உடம்பில் செரிக்காத பகுதி. அதில் ஒரு வகை ஸ்பான்ஜ் போலத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டே பெருங்குடல்வரை போகிறது, குடல் உறிஞ்ச முயன்றாலும் எளிதில் விடாது. அதனால் மலம் ஈரமாகவும் பருமனாகவும் இருக்கும், பருமனாக இருந்தால் குடல் அதைத் தானே தள்ளும், நாம் முக்க வேண்டிய தேவை குறையும்.

ஒரு நாளைக்கு 25 முதல் 35 கிராம் நார்ச்சத்து வேண்டும். வேகவைத்த பருப்பு ஒரு கிண்ணம் கிட்டத்தட்ட 15 கிராம் தரும். தோலோடு ஒரு பேரிக்காய் 5 கிராமுக்கு மேல், தோலோடு ஓர் ஆப்பிள் 4 கிராமுக்கு மேல். வெள்ளை ரொட்டித் துண்டு ஒன்றில் ஒரு கிராம்கூடத் தேறாது. சாப்பாட்டிலேயே எட்ட முடியவில்லை என்றால் இசப்கோல் உமி இருக்கிறது. ஒரு தேக்கரண்டியை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள், டம்ளரே கூழாகிவிடும். குடலுக்குள் நடப்பதும் அதுதான். ஆனால் அதைக் கூழாகும்வரை வைக்காமல், கலக்கியவுடன் குடித்து, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீரும் குடிக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள், குடலில் அடைப்போ சுருக்கமோ இருந்தவர்கள் இதைத் தொடவே கூடாது. வேறு மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள், அந்தக் கூழ் மருந்தையும் பிடித்து வைத்துக்கொள்ளலாம்.

ஒரே நாளில் அளவைக் கூட்டினால் வயிறு உப்பும், வாயு பிரியும். "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று பலர் நிறுத்துவது இந்தக் கட்டத்தில்தான். மூன்று நாளைக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் குடல் பழகிவிடும். முழுப் பலன் தெரிய வாரங்கள் ஆகும், ஆறு வாரம் வரைகூட. நான்காம் நாளே ஒன்றும் ஆகவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தண்ணீர் மட்டும் நிறையக் குடித்தால் மலம் இளகும் என்பது அரைகுறை உண்மை. ஏற்கெனவே போதுமான அளவு குடிப்பவருக்குக் கூடுதல் தண்ணீர் சிறுநீராகத்தான் போகும். நார்ச்சத்து இருந்தால்தான் அந்தத் தண்ணீரைக் குடலில் பிடித்து வைக்க ஆள் இருக்கிறது.

மலம் எப்படி இருந்தால் சரி? இதற்கு 1997ல் வெளியான பிரிஸ்டல் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது, மலத்தை ஏழு வகையாகப் பிரிக்கிறது. ஒன்று, தனித்தனிக் கெட்டி உருண்டைகள். ஏழு, வெறும் தண்ணீர். நமக்கு வேண்டியது நான்கு, வழவழப்பாக, மென்மையாக, பாம்பு போல நீளமாக வருவது. மூன்று வந்தாலும் பரவாயில்லை.

கழிப்பறையில் ஐந்து நிமிடம்

மலக்குடல் நேர்க்கோட்டில் கீழே இறங்குவதில்லை. அதன் பின்புறமாக ஒரு தசை கயிறு போல வளைத்து முன்னால் இழுத்துப் பிடித்திருக்கிறது. ரப்பர் குழாயை மடக்கிப் பிடித்தால் தண்ணீர் நிற்குமே, அந்த மடிப்புதான் நாள் முழுக்க நம்மைக் காப்பாற்றுகிறது. நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்தால் அந்த மடிப்பு பாதிதான் நிமிர்கிறது. முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி குத்தவைத்தால் கயிறு இன்னும் தளர்ந்து பாதை நேராகிறது. உட்காரும் வகைக் கழிப்பறையில் காலுக்கு அடியில் ஒரு சிறு முக்காலியை வைத்துக்கொண்டு கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் கிட்டத்தட்ட அதே பலன் கிடைக்கும். முதல் முறை செய்து பார்த்தவர்கள், இவ்வளவு நாள் எதற்கு அவ்வளவு முக்கினோம் என்று யோசிப்பார்கள்.

உந்துதல் வரும்போது போய்விட வேண்டும். சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் பெருங்குடல் இயல்பாகவே அசைந்து கொடுக்கும், பலருக்குக் காலை உணவுக்குப் பிறகு உந்துதல் வருவது அதனால்தான். அடக்கினால் மலம் உள்ளே திரும்பி, மேலும் காயும்.

அப்புறம், போன். உள்ளே போகும்போது அதை வெளியே வைத்துவிட்டுப் போங்கள். கழிப்பறை இருக்கையில் நடுவில் ஓட்டை இருப்பதால் அந்த இடத்துக்கு மட்டும் தாங்கல் இல்லை, உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு நிமிடமும் மெத்தைகளில் ரத்தம் தேங்குகிறது, முக்காவிட்டாலும் தேங்குகிறது. 2025ல் வெளியான ஓர் ஆய்வில் 125 பேரைப் பார்த்தார்கள். கழிப்பறையில் போன் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு மூலம் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 46 சதவீதம் அதிகமாக இருந்தது. சிறிய ஆய்வுதான், போன்தான் காரணம் என்று அது நிரூபித்துவிடவில்லை. ஆனால் ஐந்து நிமிடத்தில் வரவில்லை என்றால் எழுந்து வந்துவிட்டு, மறுபடி உந்துதல் வரும்போது போவதில் நமக்கு என்ன நஷ்டம்?

இங்கே நிறுத்தி ஒரு தடவை சேர்த்துப் பார்க்கலாம். நார்ச்சத்தும் தண்ணீரும் மலத்தை இளக்குகின்றன, காலை உயர்த்தி உட்காருவது பாதையை நேராக்குகிறது, சீக்கிரம் எழுவது ரத்தத் தேக்கத்தைக் குறைக்கிறது. மூன்றும் ஒரே அழுத்தத்தைத்தான் மூன்று பக்கத்திலிருந்து குறைக்கின்றன.

வலிக்கும் அரிப்புக்கும் இன்றைக்கே செய்வது

மேலே சொன்னதெல்லாம் பலன் தர நாளாகும். இப்போது உட்கார முடியவில்லையே என்றால், முதலில் வெந்நீர். அகலமான தொட்டியில் இடுப்பளவு வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். இதற்கு இடுப்புக் குளியல் என்று பெயர். முழங்கையை விட்டுப் பார்த்தால் சுகமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. சூடு சுருக்குத்தசையைத் தளர்த்துகிறது என்பதால் ஆறுதல் கிடைக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை செய்யலாம், மலம் கழித்த பிறகு செய்தால் இன்னும் நல்லது. உப்பு, கிருமிநாசினி எதுவும் கலக்கத் தேவையில்லை. இது மெத்தையை மேலே ஏற்றிவிடாது, ஆனால் அந்தப் பதினைந்து நிமிடம் கிடைக்கும் நிம்மதி சாதாரணமானதில்லை.

ரத்தம் உறைந்து வீங்கிய வெளிமூலத்துக்குப் பனிக்கட்டி சிலருக்கு நன்றாகக் கேட்கும். துணியில் சுற்றி பத்து நிமிடம் வைத்து எடுத்துவிடுங்கள், நேரடியாகத் தோலில் வைத்தால் தோல் வெந்துபோகும்.

களிம்புகளை மக்கள் தேவைக்கு மேல் நம்புகிறார்கள். லிடோகெயின் கலந்தது மரத்துப்போக வைக்கும். ஹைட்ரோகார்ட்டிசோன் கலந்தது அரிப்பையும் வீக்கத்தையும் குறைக்கும், ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து தடவினால் அந்த மெல்லிய தோல் இன்னும் மெலிந்துவிடும். இரண்டுமே அறுந்த பிடிமானத்தைத் திரும்ப ஒட்டாது. வெறும் உரசல்தான் தொல்லை என்றால் மணமில்லாத பெட்ரோலியம் ஜெல்லி மெல்லியதாகப் பூசினாலே போதும்.

வலிமாத்திரை வேண்டுமென்றால் பாராசிட்டமால், அட்டையில் போட்டிருக்கும் அளவுக்குள். இப்யூப்ரோஃபென், ஆஸ்பிரின் ரத்தக்கசிவைக் கூட்டலாம். கோடீன் கலந்த மாத்திரைகள் மலச்சிக்கலைக் கொண்டுவரும். இதய நோய்க்காக ஆஸ்பிரினோ ரத்தத்தை இளக்கும் மருந்தோ சாப்பிடுகிறவர்கள் ரத்தம் வருகிறதே என்று தாங்களாக நிறுத்திவிடக் கூடாது, மருத்துவரைக் கேட்டுத்தான். கர்ப்பிணிகள் எந்தக் களிம்பையும் மாத்திரையையும் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். உணவும் வெந்நீரும் அவர்களுக்கும் பொருந்தும்.

கழுவுவது பற்றி. அரிப்பு வந்தால் சுத்தம் போதவில்லை என்று நினைத்து சோப்புப் போட்டுத் தேய்க்கிறோம். தோலின் எண்ணெய்ப் பசை போய், காய்ந்து, இன்னும் அரிக்கும். வெறும் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். மணமூட்டிய ஈரத்தாள்கள் வேண்டாம்.

மூலம் வெளியே வந்து உள்ளே போகாமல் நின்றால், பக்கவாட்டில் படுத்து, கொஞ்சம் ஜெல்லி தடவிய விரலால் மெதுவாக, அவசரப்படாமல் தள்ளிப் பார்க்கலாம். போகவில்லை, வலி கூடுகிறது, நிறம் கறுக்கிறது என்றால் அதை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

தயவுசெய்து இவற்றைச் செய்யாதீர்கள்

ஊசியால் குத்தி ரத்தத்தை வெளியேற்றுவது, நூலால் கட்டுவது, வினிகர், எலுமிச்சைச் சாறு, பூண்டு விழுது என்று அமிலமோ எரிச்சலோ தருகிற எதையும் வைப்பது. எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அது ரணம், வேறொன்றும் இல்லை. ஏற்கெனவே வீங்கிய, மலம் போகும் இடத்தில் ரணம் ஏற்பட்டால் அது எப்படி ஆறும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத பொடியையும் களிம்பையும் தொடாதீர்கள்.

எத்தனை நாள் பார்க்கலாம்

வீட்டு முயற்சியில் ஒரு வாரத்துக்குள் வலியும் ரத்தமும் குறையத் தொடங்க வேண்டும். குறையவில்லை என்றாலோ, போய்ப் போய்த் திரும்பி வந்தாலோ, மூன்றாம் நிலையை எட்டியிருந்தாலோ மருத்துவரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. போனால் உடனே அறுவை என்ற பயத்தில்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். உள்மூலத்துக்கு அடிக்கடி செய்வது, அதன் அடியில் சின்ன ரப்பர் வளையம் மாட்டுவது. ரத்த ஓட்டம் நின்று அது சுருங்கி, ஒரு வாரம் பத்து நாளில் தானாக உதிர்ந்துவிடும். மயக்க மருந்துகூடப் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை, ஏனென்றால் வளையம் மாட்டுவது அந்த எல்லைக்கோட்டுக்கு மேலே.

அண்ணனுக்குப் பெரிய தடையாக இருந்தது வாய்விட்டுச் சொல்வதுதான். கடைசியில் ஒரு தாளில் எழுதினார்: எட்டு மாதமாக, பளிச்சென்ற சிவப்பில் சில சொட்டு, போகும்போது அறுப்பது போல வலி, போன பிறகு ஒன்றரை மணி நேரம் எரிச்சல். நான்கே வரி. அறைக்குள் போனதும் ஒன்றும் பேசாமல் அதை மேஜைமேல் வைத்தார். மருத்துவர் படித்துவிட்டு, "சரி, பக்கவாட்டில் படுங்க" என்றார். பார்த்து முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. சுருக்குத்தசையைத் தளர்த்தும் ஒரு களிம்பு, இசப்கோல், வெந்நீர். ஆறு வாரத்தில் ஆறிவிட்டது.